வெயிட்டிங் ரூமில் கேட்ட பேச்சு

1941-ம் வருடத்தின் ஆரம்ப மாதங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் ஒரு கண் டாக்டர். பெயர் நார்மன் மக்கலிஸ்டர் க்ரெக். ஐம்பதை நெருங்குகிற வயது. இளமையில் தன் மாநிலத்துக்காக கிரிக்கெட், டென்னிஸ் இரண்டும் ஆடியவர். முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் போய், வீரப் பதக்கத்தோடு திரும்பியவர். எளிதில் கலங்குகிற ஆசாமி இல்லை.

ஆனால், அந்த வருடம் அவரிடம் வந்த கைக்குழந்தைகள் அவரைக் கலங்க வைத்தார்கள். கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணி, பால் ஊற்றினாற்போல் வெள்ளையாக இருந்தது. கண்புரை! அறுபது வயதுத் தாத்தாவுக்கு வரவேண்டிய சமாசாரம், பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு! பிறவிக் கண்புரை என்பது எப்போதாவது ஒரு குழந்தைக்கு வரும். இப்படி வரிசை கட்டிக்கொண்டு வராது. பரம்பரையா என்று பார்த்தால், அதுவும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் கண் கோளாறே கிடையாது. குழந்தைகள் எடை குறைவாக, சோனியாக இருந்தார்கள். நிறையப் பேருக்கு இதயத்திலும் கோளாறு.

ஏன்? க்ரெக்குக்குப் புரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சம்பவம் நடந்ததாகச் சொல்வார்கள். அவருடைய வெயிட்டிங் ரூமில் குழந்தையும் கையுமாக இரண்டு அம்மாக்கள். முன்பின் அறியாதவர்கள். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெண்கள் வேறென்ன பேசுவார்கள்? 'உங்க குழந்தைக்கு என்ன?', 'எங்க குழந்தைக்கு இப்படி...' என்று ஆரம்பித்த பேச்சு, பிரசவம், கர்ப்பம் என்று பின்னோக்கிப் போனது. ஒருத்தி, 'மாசமா இருந்தப்ப எனக்கு ஜெர்மன் அம்மை போட்டுச்சு' என்கிறாள். 'அட, எனக்கும்தான்!' என்கிறாள் இன்னொருத்தி.

கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த டாக்டரின் காதில் அது விழுந்தது. வேறு யாராவது இருந்தால், 'பொம்பளைங்க வம்பளக்கறாங்க' என்று விட்டிருப்பார்கள். க்ரெக் விடவில்லை. குழந்தைகளின் பிறந்த தேதியை எடுத்து, ஒவ்வொரு அம்மாவும் எந்த மாதத்தில் கருவுற்றிருப்பாள் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார். கணக்கு நேராக 1940-க்குப் போய் நின்றது. அந்த வருடம்தான் ஆஸ்திரேலியா முழுக்க ஜெர்மன் அம்மை பரவியிருந்தது. போருக்கு ஆள் சேர்த்து, ஊர் ஊராக வந்த இளைஞர்களை ஒரே முகாமில் அடைத்தார்கள் இல்லையா? அம்மைக்குக் கொண்டாட்டம்தான்!

சக டாக்டர்களுக்கு எழுதிக் கேட்டார். அவர்களிடமும் இதே மாதிரிக் குழந்தைகள் இருந்தார்கள். எல்லாம் சேர்த்து 78 குழந்தைகள். அதில் 68 பேருடைய அம்மாக்களுக்குக் கர்ப்பகாலத்தில் ஜெர்மன் அம்மை வந்திருந்தது, பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில்.

1941 அக்டோபர் 15. மெல்பர்ன் நகரில் கூடிய கண் டாக்டர்கள் முன்னால் க்ரெக் தன் கட்டுரையைப் படித்தார். தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவை ஒரு வைரஸ் நோய் இப்படி உருக்குலைக்க முடியும் என்று மருத்துவ உலகம் கேள்விப்பட்டது ஏறக்குறைய அன்றுதான்!

*

கொஞ்சம் நிறுத்தி, இந்த ஜெர்மன் அம்மை யார் என்று பார்த்துவிடுவோம். ஜெர்மனிக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம், 18-ம் நூற்றாண்டில் அங்கிருந்த டாக்டர்கள் இதை முதலில் விவரித்தார்கள் என்பதுதான். 'ரூபெல்லா' என்ற பெயர் வந்ததற்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில் ஒரு பையன்கள் பள்ளியில் இந்த அம்மை பரவியபோது அதைக் கவனித்த ஹென்றி வீல் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர், 1866-ல் அதைப் பற்றி எழுதினார். ஜெர்மன் பெயர் வாயில் நுழையவில்லை என்று 'ரூபெல்லா' என்று வைத்தார். லத்தீனில் 'சின்னச் சிவப்பு' என்று அர்த்தம்.

பெயருக்கேற்ற சாதுவான நோய். லேசான காய்ச்சல், மூன்று நாளைக்குச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், காதுக்குப் பின்னால் நெறி கட்டும். அவ்வளவுதான். நம்மூரில் என்றால் வேப்பிலையைச் செருகி, 'அம்மா வந்திருக்கா' என்று சொல்லி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிடுவோம். சிலருக்குப் புள்ளிகூடத் தெரியாது. வந்ததே தெரியாமல் போய்விடும்.

ஆனால், அதே வைரஸ் கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் வந்தால்? அந்தச் சமயத்தில்தான் சிசுவுக்குக் கண்ணின் லென்ஸ், இதயத்தின் அறைகள், உள்காதில் நத்தைக் கூடு மாதிரிச் சுருண்டிருக்கும் காக்ளியா எல்லாம் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ரத்தத்தோடு நஞ்சுக்கொடிக்குள் நுழைகிற வைரஸ், கட்டடம் கட்டும்போதே அஸ்திவாரத்தில் கை வைத்துவிடுகிறது. அம்மாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். பிள்ளைக்கு ஆயுள் முழுக்க!

*

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது.

க்ரெக் எவ்வளவு கூர்மையானவர்! கண்ணைப் பார்த்தார், இதயத்தைக் கவனித்தார், எடையைக்கூடக் குறித்துக்கொண்டார். ஆனால், அந்தக் குழந்தைகளில் பலருக்குக் காது கேட்கவில்லை என்பது முதல் கட்டுரையில் இல்லை! அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. கண் கெட்டால் வெள்ளையாகத் தெரியும். இதயம் கெட்டால் ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் மாறும். காது கெட்டால் வெளியில் எதுவுமே தெரியாது. காது கேளாத குழந்தை அழும், சிரிக்கும், முகம் பார்க்கும், நாம் குனிந்து கொஞ்சினால் 'ங்கா' என்று பதில்கூடச் சொல்லும்!

அப்புறம் யார் கண்டுபிடித்தது? மறுபடி அம்மாக்கள்தான்! க்ரெக்கின் கண்டுபிடிப்பு பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் படித்துவிட்டு, காது கேளாத பிள்ளைகளின் தாய்மார்கள் அவருக்கு டெலிபோன் செய்தார்கள். 'டாக்டர், என் பிள்ளைக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. காதுதான் கேட்கவில்லை. எனக்கும் மாசமாக இருந்தபோது அந்த அம்மை வந்தது. இதற்கும் அதுதான் காரணமா?' என்று அவர்கள் கேட்டதில்தான் க்ரெக்குக்கு இரண்டாவது கதவு திறந்தது. அடிலெய்ட் நகரத்தில் சார்லஸ் ஸ்வான் என்பவரும் அவருடைய குழுவினரும் தனியாக விசாரித்து, 1943-லிருந்து வெளியிட்ட கட்டுரைகளில் காது கேளாமையும் சேர்ந்துகொண்டது. ரூபெல்லா விட்டுச் செல்லும் ஊனங்களில் மிக அதிகம் காணப்படுவது கண் இல்லை, காதுதான் என்று பின்னால் தெரியவந்தது.

உலகம் உடனே கைதட்டியதா? அதுதான் இல்லை. லண்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழான 'லான்செட்', 1944-ல்கூட, இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்று சந்தேகம் தெரிவித்தது. 'பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பிடித்துவைத்துக்கொண்டு அம்மாக்களிடம் விசாரித்தால் எப்படி? அம்மை வந்தும் நல்ல பிள்ளை பெற்றவர்களை எண்ணினீர்களா?' என்பது விமரிசகர்களின் வாதம். புள்ளிவிவர ரீதியில் நியாயமான கேள்வி. போர்க்காலம் வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செய்தி கடல் கடந்து போய் எல்லா டாக்டர்களின் மேஜைக்கும் சேரவே வருடங்கள் பிடித்தன.

அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் ஹாலிவுட் நட்சத்திரம்.

ஜீன் டியர்னி. அன்றைய அமெரிக்காவின் பேரழகிகளில் ஒருவர். 1943-ல் கர்ப்பமாக இருந்த நேரத்தில், போர் வீரர்களை உற்சாகப்படுத்துவதற்காக 'ஹாலிவுட் கேன்டீன்' என்ற இடத்துக்குப் போனார். சிரித்தார், கைகுலுக்கினார். சில நாளில் உடம்பில் சிவப்புப் புள்ளிகள். ஜெர்மன் அம்மைதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே 1943 அக்டோபரில் குழந்தை பிறந்தது. க்ரெக் மெல்பர்னில் கட்டுரை படித்துச் சரியாக இரண்டு வருடம்! அந்தப் பெண் குழந்தைக்குக் காது கேட்கவில்லை. பார்வையும் சரியாக இல்லை. மூளை வளர்ச்சியும் குன்றியிருந்தது.

சில காலம் கழித்து ஒரு டென்னிஸ் பார்ட்டியில் ஒரு ரசிகை டியர்னியிடம் வந்தார். தான் ராணுவத்தில் இருந்ததாகவும், முகாமில் எல்லோருக்கும் ஜெர்மன் அம்மை என்று வெளியே போகத் தடை போட்டிருந்தும், டியர்னியைப் பார்க்கும் ஆசையில் தப்பித்து கேன்டீனுக்கு வந்ததாகவும் பெருமையாகச் சொன்னார். டியர்னி எதுவும் பேசவில்லையாம். திரும்பி நடந்துவிட்டார். 1979-ல் வெளிவந்த சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். அகதா கிறிஸ்டியின் 1962-ம் வருட நாவல் ஒன்றிலும் கிட்டத்தட்ட இதே முடிச்சு உண்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். படிக்காதவர்களுக்கு சஸ்பென்ஸ் போய்விடும்!

*

க்ரெக் சொன்னதை ஐயமில்லாமல் உறுதி செய்தவர்களில் ஒருவர் டாக்டரிலிருந்து கணக்குக்குப் போனவர். சிட்னியைச் சேர்ந்த புள்ளியியல் நிபுணர் ஆலிவர் லங்காஸ்டர். இவர் செய்தது அசல் துப்பறியும் வேலை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகங்களை எடுத்து தூசி தட்டினார். ஆஸ்திரேலியாவில் அப்போதெல்லாம் கணக்கெடுப்பில் 'வீட்டில் காது கேளாதவர் உண்டா?' என்றும் கேட்பார்கள்.

1911-ம் வருடக் கணக்கில், 10 முதல் 14 வயதுக்குள் இருப்பவர்களில் காது கேளாதவர் எண்ணிக்கை திடீரென்று மேடு தட்டியிருந்தது. 1921-ம் வருடக் கணக்கைப் பார்த்தார். அதே மேடு! ஆனால், இப்போது 20 முதல் 24 வயதில்! ஆக, வயதில் விசேஷம் இல்லை. பிறந்த வருடத்தில்தான் விஷயம். 19-ம் நூற்றாண்டு முடிகிற அந்தச் சில வருடங்களில் பிறந்தவர்களுக்கு என்னவோ நடந்திருக்கிறது. காது கேளாதோர் பள்ளிகளின் பழைய பதிவேடுகளில் மாணவர்களின் பிறந்த தேதிகளைத் தேடிப் பார்த்து, ரூபெல்லா பரவிய வருடங்களோடு ஒப்பிட்டார். பொருந்தியது! 1951-ல் அவர் அதை வெளியிட்டபோது, காது கேளாமையும் காலராவைப் போல அலை அலையாக வரக்கூடிய 'தொற்று' என்பது ஊர்ஜிதமானது.

யோசித்துப் பாருங்கள். நாற்பது வருடங்களாக அந்தப் பிள்ளைகள் அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் எண்ணாக உட்கார்ந்திருந்தார்கள். 'ஏன்?' என்ற கேள்வியோடு அந்தப் பக்கத்தைப் புரட்ட ஓர் ஆள் வரவேண்டியிருந்தது.

1953-ல் க்ரெக் 'சர்' பட்டம் பெற்றார். 1962-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ரூபெல்லா வைரஸைத் தனியாகப் பிரித்தெடுத்தன. அதில் ஒரு குழுவின் தலைவர் நோபல் பரிசு பெற்ற தாமஸ் வெல்லர். அவருக்கு வைரஸ் கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? அம்மை போட்டிருந்த தன் சொந்த மகனின் சிறுநீரிலிருந்து!

வைரஸ் கையில் சிக்கியும் தடுப்பூசி தயாராகவில்லை. அதற்குள் வந்தது 1964. அமெரிக்காவில் 1964-65-ல் அடித்த ரூபெல்லா அலையில் ஒன்றேகால் கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். கருவிலேயே தாக்கப்பட்டுப் பிறந்த குழந்தைகள் சுமார் 20,000. அதில் காது கேளாதவர்கள் மட்டும் ஏறக்குறைய 12,000 பேர். முதல் தடுப்பூசி 1969-ல்தான் அனுமதி பெற்றது. ஐந்தே வருடம் தாமதம்!

அந்தக் குழந்தைகள் ஒன்றும் மூலையில் முடங்கிவிடவில்லை. வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே கல்லாடெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1980-களில் அங்கே வந்து சேர்ந்தது இந்த அலையில் பிறந்த பிள்ளைகளின் கூட்டம். 1988-ல், 'எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எங்களில் ஒருவர்தான் தலைவராக வேண்டும்' என்று கதவைப் பூட்டிக்கொண்டு போராடி ஜெயித்தார்கள் மாணவர்கள். சைகை மொழியும் முழுமையான ஒரு மொழிதான் என்று உலகத்துக்கு அடித்துச் சொன்ன போராட்டம் அது. காது கேட்காதது அவ்வளவு பெரிய இழப்பு இல்லை, எந்த மொழியுமே கிடைக்காமல் ஒரு குழந்தை முதல் சில வருடங்களைக் கழிப்பதுதான் பேரிழப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்கு வாருங்கள்.

*

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நம்ம வீட்டுப் பாட்டிகளின் பரிசோதனை எல்லோருக்கும் தெரியும். தொட்டில் பக்கத்தில் நின்று கைதட்டுவார்கள். கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுவார்கள். குழந்தை திரும்பினால், 'அதெல்லாம் கேக்குது, போ!' குழந்தை கையின் நிழலைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். தட்டிய அதிர்வை உணர்ந்திருக்கலாம். ஒரு காது மட்டும் கேட்கலாம். அதெல்லாம் கணக்கில் வராது. இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், 'அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று ஒரு சமாதானம். மூன்று வயதில்தான் காதைப் பற்றிய சந்தேகமே வரும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960-களில் டென்வர் நகரில் மரியன் டவுன்ஸ் என்ற பெண்மணி கிட்டத்தட்ட அதே பாட்டி வைத்தியத்தைப் பெரிய அளவில் செய்து பார்த்தார். தொண்டர்களைச் சேர்த்து, ஒலியெழுப்பும் கருவியைக் கையில் கொடுத்து, பிறந்த குழந்தை சத்தத்துக்கு இமைக்கிறதா, உடம்பைத் தூக்கிப் போடுகிறதா என்று கவனிக்கச் சொன்னார். 17,000 குழந்தைகள்! முடிவு முழுத் திருப்தி தரவில்லை. கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது ஆளுக்கு ஆள் மாறியது. ஆனால், 'பிறந்த உடனே பார்த்தாக வேண்டும்' என்ற பிடிவாதத்தை அந்த அம்மா விடவே இல்லை. நூறு வயதுவரை வாழ்ந்து 2014-ல் மறைந்தார்.

வழி பிறந்தது லண்டனில். 1948-லேயே தாமஸ் கோல்ட் என்ற இளம் விஞ்ஞானி, 'காது வெறுமனே சத்தத்தை வாங்கிக்கொள்ளும் பெட்டி இல்லை. அது தன் பங்குக்கு ஒலியைப் பெருக்குகிறது. எனவே காதிலிருந்து சத்தம் வெளியேயும் வரவேண்டும்' என்றார். மைக்கை வைத்துக் கேட்டுப் பார்த்தார். அன்றைய கருவிக்கு எதுவும் எட்டவில்லை. யாரும் நம்பவில்லை. முப்பது வருடம் கழித்து, 1978-ல், டேவிட் கெம்ப் என்ற இயற்பியல்காரர் அதை நிரூபித்தார். காதுக்குள் பொடி மைக் ஒன்றைப் பொருத்தி, 'க்ளிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தார். சில மில்லி விநாடிகளில் உள்காதிலிருந்து மிக மெல்லிய ஒலி திரும்பி வந்தது. காக்ளியாவுக்குள் இருக்கும் மயிரிழைச் செல்கள் துள்ளுவதால் எழும் ஒலி. செல்கள் பழுதாகியிருந்தால் பதில் வராது. நிசப்தம்!

குழந்தை பேச வேண்டாம், திரும்ப வேண்டாம், விழித்திருக்கவும் வேண்டாம். தூங்குகிற சிசுவின் காதே பதில் சொல்லிவிடும். மருந்து இல்லை, ஊசி இல்லை, சில நிமிட வேலை. இதோடு, காதில் விழுந்த சத்தம் நரம்பு வழியாக மூளைத்தண்டுவரை போகிறதா என்று நெற்றியில் சின்ன ஒட்டுப்பட்டைகளை வைத்துப் பார்க்கும் இன்னொரு சோதனையும் வந்தது. 1993-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, எல்லாக் குழந்தைகளுக்கும் காது பரிசோதனை வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

'மூணு வயசுல கண்டுபிடிச்சா என்ன, மூணு மாசத்துல கண்டுபிடிச்சா என்ன?' என்று கேட்பவர்களுக்குப் பதில் 1998-ல் கொலராடோவிலிருந்து வந்தது. காது கேளாத 150 குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்தார் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து உதவி தரப்பட்ட குழந்தைகள் மொழியில் மற்றவர்களைவிட மிகவும் முந்தியிருந்தார்கள். கருவி வைத்துப் பேச்சு கற்றாலும் சரி, சைகை கற்றாலும் சரி, சீக்கிரம் தொடங்கியவர்களுக்கே ஆதாயம். அதிலிருந்து பிரபலமானதுதான் 1-3-6 என்ற கணக்கு. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி.

*

'அதான் ரூபெல்லாவுக்குத் தடுப்பூசி வந்துவிட்டதே, கதை முடிந்ததா?' என்றால், இல்லை. அதைவிட ரகசியமான இன்னொரு ஆசாமி இருக்கிறான். பெயர் சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமாக சி.எம்.வி. 1950-களின் மத்தியில் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாக இதைப் பிரித்தெடுத்தன. அதில் ஒருவர் மறுபடி நம்ம வெல்லர்தான்! பெயர் வைத்தவரும் அவரே. தாக்கப்பட்ட செல் ஊதிப் பெரிதாகி, மைக்ராஸ்கோப்பில் ஆந்தைக் கண் மாதிரி முழித்துப் பார்க்கும்.

ரூபெல்லாவாவது சிவப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போனது. இவன் அதுகூட வைப்பதில்லை. பெரும்பாலான அம்மாக்களுக்கு வந்ததே தெரியாது. அமெரிக்கக் கணக்குப்படி ஏறக்குறைய 200 குழந்தைகளில் ஒன்று இந்த வைரஸோடு பிறக்கிறது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை போன்ற நீடித்த பாதிப்பு. பரம்பரைக் காரணங்களை விலக்கிப் பார்த்தால், இன்று உலகில் குழந்தைகளின் காதைப் பறிப்பதில் முதல் குற்றவாளி இவன்தான். தடுப்பூசி இன்னும் வரவில்லை.

நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே இந்த வைரஸ் வந்துபோயிருக்கும். 'அப்ப எதிர்ப்பு சக்தி வந்திருக்குமே' என்று நிம்மதியாக இருக்க முடியாது. உடம்பில் உறங்கும் வைரஸ் கர்ப்பத்தில் மறுபடி விழிக்கலாம். வேறு ரகம் புதிதாக ஒட்டலாம். பரவுவது சின்னக் குழந்தைகளின் எச்சில், சிறுநீர் மூலமாக. மூத்த பிள்ளை பாதி கடித்துப் போட்ட பிஸ்கட்டை வீணாக்காமல் வாயில் போட்டுக்கொள்வது எந்த அம்மாதான் செய்யாதது? கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் அதை வேண்டாம் என்கிறார்கள். ஜட்டி மாற்றிய பிறகு, எச்சில் துடைத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரே ஸ்பூனில் சாப்பிடாதீர்கள். முத்தம் உதட்டில் வேண்டாம், உச்சந்தலையில் கொடுங்கள். இவ்வளவுதான். அப்படியும் வந்துவிட்டால் அது எந்த அம்மாவின் குற்றமும் இல்லை.

இந்த ஆசாமி இன்னொரு ஏமாற்று வேலையும் செய்வான். சில குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் காது நன்றாகக் கேட்கும். சோதனையில் பாஸ்! மாதங்கள், வருடங்கள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். பிறந்தபோது செய்யும் காது சோதனை, சி.எம்.வி. பாதிக்கும் குழந்தைகளில் பாதிப் பேரைக்கூடப் பிடிப்பதில்லை என்று 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. எனவே சோதனையில் தேறிய குழந்தையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அது மட்டுமில்லை, கடிகாரம் வேறு ஓடுகிறது. கருவிலேயே வந்த சி.எம்.வி.யா என்று உறுதி செய்ய, பிறந்த 21 நாளுக்குள் எச்சிலையோ சிறுநீரையோ பரிசோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு கண்டால், வெளியில் வந்த பின் ஒட்டியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அறிகுறிகளோடு பிறந்த குழந்தைகளுக்கு ஆறு மாதம் மருந்து கொடுத்தால் காது ஓரளவு காப்பாற்றப்படுகிறது என்று 2015-ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த மருந்தையும் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். யாருக்கு, எப்போது என்பது டாக்டர் முடிவு.

அதனால்தான் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2013-ல், 'காது சோதனையில் தேறாத குழந்தைக்கு உடனே சி.எம்.வி. சோதனை' என்று சட்டம் போட்டது. 2019-ல் கனடாவின் ஒன்டாரியோ, 2023-ல் அமெரிக்காவின் மினசோட்டா இரண்டும் இன்னொரு படி மேலே போய், பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்குமே குதிகாலில் எடுக்கும் சொட்டு ரத்தத்தில் சி.எம்.வி.யைத் தேட ஆரம்பித்தன.

*

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மதுரைக்கு வந்த கண்புரைக் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஒரு வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குக் காரணம் ரூபெல்லா! க்ரெக் சிட்னியில் பார்த்து 55 வருடம் ஆகியும், தடுப்பூசி வந்து 27 வருடம் ஆகியும், அதே வெள்ளைக் கண்மணிகள் நம்ம மதுரையில்!

2017 பிப்ரவரியில்தான் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் இந்தியாவில் தொடங்கியது. முதல் கட்டத்தில் இருந்த மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயதுவரை எல்லோருக்கும். ஞாபகம் இருக்கிறதா? 'ஊசி போட்டா ஆபத்தாம்' என்று வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகளை? நிறையப் பெற்றோர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. மூன்று நாள் அம்மைக்கு எதற்கு இத்தனை அமர்க்களம் என்று கேட்டவர்களும் உண்டு. அந்த ஊசி, போட்டுக்கொள்கிற பிள்ளைக்காக மட்டும் இல்லை, என்றோ ஒருநாள் அந்தப் பெண் சுமக்கப்போகும் சிசுவுக்காகவும்தான் என்பதை அவர்களுக்கு யாராவது நிதானமாக உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அறிவித்தது. எங்கே கதை தொடங்கியதோ அங்கே முடிந்துவிட்டது. நம் ஊரில் இன்னும் நடுவில் இருக்கிறோம்.

காது விஷயத்தில், காக்ளியர் இம்ப்ளான்ட் என்கிற விலை உயர்ந்த ஆபரேஷன் தமிழகத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய விஷயம்தான். ஆனால், ஆபரேஷனுக்கு முன்னால் அந்தக் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே!

யோசித்துப் பார்த்தால், இந்தக் கதையில் ஒவ்வொரு திருப்பமும் யாரோ காது கொடுத்துக் கேட்டதால் வந்தது. வெயிட்டிங் ரூம் பேச்சை ஒரு டாக்டர் கேட்டார். டெலிபோனில் வந்த தாய்மார்களின் சந்தேகத்தையும் அவரே கேட்டார். தூங்குகிற குழந்தையின் காதிலிருந்து வருகிற, எறும்பு நடப்பதுபோன்ற சத்தத்தை கெம்ப் கேட்டார்.

நாமும் பிரசவம் ஆன வீட்டுக்குப் போகிறோம். 'சுகப்பிரசவமா?', 'எத்தனை கிலோ?', 'யார் ஜாடை?' என்று எல்லாம் விசாரிக்கிறோம். கையில் இருநூறு ரூபாயைத் திணித்துவிட்டு வருகிறோம். அடுத்த முறை கூடவே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்களேன்...

'காது டெஸ்ட் பண்ணியாச்சா?'